கேட்டுக்கு வெளியே: வாசகர் கேள்வி பதில்

கார் ஏற்றும் ராம்ப், சாக்கடை மேல் சிலாப், வாசலை மறித்து நிற்கும் வண்டி என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கடிதம் வந்துகொண்டே இருப்பதால் இந்த முறை எல்லாமே வாசல் கேள்விகள்தான்.

என் வீட்டு போர்டிகோ ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம். கார் ஏற கேட்டிலிருந்து ரோட்டுப் பக்கம் 5 அடிக்கு கான்கிரீட் ராம்ப் போட்டிருக்கிறேன். ஆக்கிரமிப்பு, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருவில் எல்லாரும்தான் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்குள் போக எனக்கு உரிமை இல்லையா?
– வாசகர், குமாரசாமிப்பேட்டை, தர்மபுரி

இருக்கிறது. ரோட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தன் எல்லையிலிருந்து ரோட்டுக்கு இறங்குவதை யாரும் தடுக்க முடியாது, நீதிமன்றங்கள் இதை ரொம்ப காலமாக ஏற்றுக்கொண்டு வருகின்றன. ஆனால் அது இறங்கிப் போவதற்கான உரிமை, இறங்குகிற இடத்தில் கட்டுவதற்கு இல்லை. 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வீட்டுக்குள் போக வேண்டிய படிக்கும் சாக்கடை மூடிக்கும் நகராட்சி லைசென்ஸ் தரலாம் என்றுதான் இருந்தது, இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எங்கேயும் இல்லை. 2023 ஏப்ரலில் அந்தச் சட்டம் போய் 1998-ம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, தெரு பொது இடம் என்பது மட்டும் மாறவில்லை. எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து ‘எடுத்தால் எல்லாருடையதையும் எடுங்கள்’ என்று கேட்கலாம், ‘என்னுடையதை விட்டுவிடுங்கள்’ என்று கேட்க முடியாது.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒன்றரை அடி உயரத்தை 5 அடி நீளத்தில் ஏற்றுகிறீர்கள். காரின் அடிப்பாகம் தேய்கிறதா இல்லையா? கார் சிரமப்படாமல் ஏற வேண்டுமென்றால் 1 அடி உயரத்துக்கு 8 அடி நீளம் வேண்டும், உங்கள் வீட்டுக்கு 12 அடி. இதை வெளியே போட்டால் சின்னத் தெருவில் பாதி போய்விடும். உள்ளே போட்டால் இடம் ஏற்கெனவே இருக்கிறது, ஏனென்றால் ஒரு கார் நிறுத்தவே 5 மீட்டர், அதாவது 16 அடிக்கு மேல் விட்டிருப்பீர்கள். கேட்டை எல்லையிலேயே ரோட்டு மட்டத்துக்கு இறக்கி, சரிவை கேட்டுக்கு உள்ளே தொடங்குங்கள். இன்னும் நல்ல வழி, போர்டிகோ தரையையே ரோட்டைவிட நாலைந்து அங்குலம் மட்டும் உயரமாக வைத்துவிட்டு ஹாலுக்கு இரண்டு மூன்று படி கட்டுவது. ஹாலும் போர்டிகோவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நம் மேஸ்திரிகள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால் ‘ரோடு ஏறிக்கொண்டே போகிறதே’ என்பீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு பல ஊரில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஜல்லி வந்து இறங்கினால் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலரையும் நகராட்சிப் பொறியாளரையும் பிடித்து இதைக் கேளுங்கள், போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் ஒன்று. இடிக்கும் முன் டவுன் சர்வே வரைபடத்தை எடுத்து, நில அளவரை வைத்து எல்லையை அளந்துவிடுங்கள். காம்பவுண்டை நாமே உள்ளே தள்ளிக் கட்டியிருந்தால் அந்த ராம்ப்பில் ஓரிரண்டு அடி உங்கள் பட்டா நிலமாகவே இருக்கக்கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கார் ஏற்ற சாக்கடையை ஒரேயடியாக கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். மழை வந்தால் தண்ணீர் எங்கள் வாசலில் ஏறுகிறது. சொன்னால் சண்டைக்கு வருகிறார்.
– வாசகி, பழையபேட்டை, கிருஷ்ணகிரி

அம்மா, அனுமதி வாங்கி சாக்கடையை மூடுவது குற்றமில்லை, திறக்க முடியாதபடி மூடுவதுதான் கோளாறு. தூர்வார வருகிறவர் அப்படி மூடிய இடத்தை விட்டுவிட்டுப் போவார், அடைப்பு அங்கேதான் விழும். கிரானைட் வெட்டுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்படவே வேண்டாம்: கனமான கல்லோ கம்பி கட்டிய சிலாப்போ இரண்டு இரண்டு அடியாக, தூக்க வளையம் வைத்துப் போட்டால் காரும் ஏறும், இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவும் முடியும். சாக்கடையின் உள் அகலத்தையும் ஆழத்தையும் மட்டும் குறைக்கக் கூடாது. சிலர் உள்ளே ஒரு 4 அங்குலக் குழாயை வைத்துவிட்டு மேலே ஜல்லியைக் கொட்டி மூடுகிறார்கள், அது மூன்று மழைக்குத் தாங்காது.

நீங்கள் அவரிடம் இனிமேல் பேசாதீர்கள். மழை பெய்யும்போது தண்ணீர் தேங்குவதைத் தேதியோடு படம் எடுத்து நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லை என்றால் 1100-க்கு அழைத்து ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புத் துறையில் புகார் பதிவு செய்யலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். அடுத்தது 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு, ‘இந்தக் கதவெண்ணுக்கு சாக்கடை மேல் மூட அனுமதி தரப்பட்டதா’ என்று ஒரே ஒரு கேள்வி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அந்தக் கேள்வி போனதுமே வேலை நகரும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடு. கடைக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நோ பார்க்கிங் போர்டு மாட்டியும் பயனில்லை. இரண்டு பெரிய கல்லைப் போட்டுவிடலாமா?
– வாசகர், தர்மபுரி

கல்லைப் போட்டால் நீங்களும் குற்றவாளி. போர்டு நீங்கள் மாட்டியது, அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் போர்டே தேவையில்லை. ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே உண்டு. நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து போக்குவரத்துக் காவலில் கொடுங்கள். காற்றைப் பிடுங்கிவிடுவது, செயின் போட்டுப் பூட்டுவது எல்லாம் வேண்டாம், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மூலை மனை வாங்கியிருக்கிறேன். கேட்டை எந்தப் பக்கம் வைப்பது? வாஸ்துக்காரர் மூலையிலேயே வைக்கச் சொல்கிறார்.
– வாசகர், ராயக்கோட்டை ரோடு, கிருஷ்ணகிரி

வாஸ்துக்காரர் அந்த வழியில் காரை ரிவர்ஸ் எடுக்கப் போவதில்லை. இரண்டு தெருவில் போக்குவரத்து குறைந்த தெருவைப் பாருங்கள், அதில் மூலையிலிருந்து மனை எவ்வளவு தூரம் இடம் தருகிறதோ அவ்வளவு தள்ளி வையுங்கள். திரும்பி வருகிற டூவீலர்காரருக்கு உங்கள் கார் வெளியே வருவது தெரிய வேண்டும், அதனால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவரைக் கொஞ்சம் தாழ்வாகவே விடுங்கள். கேட் உள்பக்கம் திறக்கட்டும், இல்லையென்றால் தள்ளு கேட். கடைக்கால் தோண்டும் முன்பே மின்கம்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நகர்த்தச் சொன்னால் செலவு உங்களுடையது.

44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இடம் இருக்கிறது, ஓட்டல் வைக்க நேரடியாக வழி விட ஊராட்சியில் அனுமதி வாங்கினால் போதுமா?
– வாசகர், தர்மபுரி மாவட்டம்

போதாது. 2002-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வழி விடும் அதிகாரம் நெடுஞ்சாலை நிர்வாகத்திடம்தான். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் இணைக்கப் பாருங்கள். தடுப்பை உடைத்து வழி செய்துகொள்ளும் ‘ஐடியா’ யாராவது தந்தால் தொப்பூர் கணவாய்ப் பக்கம் ஒரு நாள் நின்று லாரிகள் வரும் வேகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசல்படி ஒரு அடி உயரம். அவருக்காகவாவது தெருவில் சாய்வு போடலாமா?
– வாசகி, பாரதிபுரம், தர்மபுரி

இதற்குக் காரைவிட நீளம் வேண்டும், 1 அடிக்கு 12 அடி. நேராக வெளியே விடாமல் வாசலிலிருந்து சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்குங்கள், திரும்புகிற இடத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம், ஓரத்தில் கைப்பிடி. நடைபாதையில் யாரும் தடையில்லாமல் நடப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவில் சேரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதில் உங்கள் அம்மாவைப் போல நாற்காலியில் போகிறவர்களும் அடக்கம். உள்ளே இடமே இல்லாத சின்ன மனை என்றால் மருத்துவச் சான்றோடு நகராட்சியில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை, வெல்டிங் பட்டறையில் சொல்லி மடக்கி எடுக்கிற இரும்புச் சாய்வு ஒன்று செய்துகொள்ளலாம். நீளம் குறைந்து சாய்வு செங்குத்தாகத்தான் வரும் என்பதால் பின்னால் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், வேலை முடிந்ததும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.