பழைய லேப்டாப்பா? முதலில் ஃபோனில் 'ஃப்ளோரன்ஸ்' ஆடுங்கள்

நண்பரே, சுட்டுத் தள்ளும் கேம்கள் அலுத்துவிட்டன, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், யாரோ ஒருவர் மனதிலிருந்து வந்தது போல ஒரு கேம் வேண்டும் என்கிறீர்கள்.

'ஃப்ளோரன்ஸ்' (2018) ஃபோனிலேயே ஓடும், ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு பெண்ணின் முதல் காதல், அவ்வளவுதான் கதை. முதல் சந்திப்பில் அவள் பேசுவதற்கு, பேச்சுக்குமிழியைத் துண்டு துண்டாக நாம்தான் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும், பேச்சு தானாக வரத் தொடங்கும். சண்டை என்றால் துண்டுகளின் விளிம்பே கூர்மையாகிவிடும். கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் இதைச் சொல்லிவிட்டார்களே என்று முடித்தபின் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லேப்டாப்புக்கு 'டு தி மூன்' (2011). ஆர்பிஜி மேக்கர் என்ற எளிய கேம் செய்யும் மென்பொருளில் செய்தது, ஓட்டை மெஷினும் தாங்கும். சாகக் கிடக்கும் முதியவருக்கு நிலாவுக்குப் போக ஆசை. ஏன் என்று அவருக்கே தெரியாது. அந்த ஆசையை நிறைவேற்ற இரண்டு மருத்துவர்கள் அவருடைய நினைவுகளுக்குள் பின்னோக்கிப் போகிறார்கள். நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் வரும் புதிர்கள் சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இசைக்காகவாவது ஹெட்ஃபோன் போடுங்கள்.

கண் சிமிட்டினால் காலம் தாவிவிடும் 'பிஃபோர் யுவர் ஐஸ்' (2021) லேப்டாப் மாற்றியபிறகு ஆடுங்கள், நாம் சிமிட்டுவதைப் பார்க்க அதற்கு வெப்கேம் வேண்டும்.

'தட் டிராகன், கேன்சர்' (2016) பற்றியும் கேட்டிருந்தீர்கள். புற்றுநோய் வந்த தங்கள் சின்ன மகனைப் பற்றி அவன் பெற்றோரே எடுத்தது. நல்ல கேம்தான், ஆனால் மறுநாள் வேலை இருக்கும் ராத்திரியில் மட்டும் தொடங்காதீர்கள்.