தியாகத்தின் திருவுருவம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பாயி சென்ற மாதம் தமது 94ஆம் வயதில் காலமானார். 1963இல், 32 வயதில் கணவரை இழந்து, மூன்று மகன்களையும் இரண்டு மகள்களையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். அவருடைய வளர்ப்பினால்தான் என் அத்தைகள் இருவரும் நிலத்தில் ஒரு குழி பங்குகூடக் கேட்டதில்லை. நினைவு மலருக்கு நான் எழுதிய கட்டுரையை, ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று தலைப்பிட்டு இணைத்துள்ளேன். தொடக்கம் சரியாக இருக்கிறதா? அட்டையில் இளவயதுப் படத்தை வைப்பதா, முதுமைப் படத்தை வைப்பதா?

– ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

படம் எதுவானாலும் சரி, முகம் தெளிவாக இருந்தால் போதும். தலைப்பை மட்டும் இன்றே அடித்துவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தியாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் அவர் எதைக் கொண்டு சோறு போட்டார், குறுவைக்கு விதைநெல் எங்கே வாங்கினார், களத்தில் நின்று குத்தகை நெல்லை அளந்து வாங்கியது யார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அவருடைய பொறுமையைப் பாடத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கெட்டிக்காரத்தனம் கண்ணில் படவில்லையா?

திருவையாற்றுப் பக்கத்தில் வாழ்ந்த என் அம்மாச்சியைப் பற்றிச் சில காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். தெருப் பெண்களிடம் பித்தளைப் பாத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு கைமாற்றுக் கொடுப்பார். குடத்தின் அடியில் சுண்ணாம்பால் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி பத்து ரூபாய், பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் வட்டி வந்த ஒரு மாதம். பரணில் அடுக்கிய அந்தக் குடங்கள்தாம் அவருடைய பேரேடு.

தாத்தா 1957இல் இறந்தார். காரியம் முடிந்த கையோடு, கூட்டுக் குடும்ப நிலத்தில் அம்மாச்சிக்கு உரிமை ஏதும் இல்லை என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தைக் கொழுந்தனார் கொண்டுவந்து வைத்ததாகவும், அம்மாச்சி அதை வெவ்வேறு ஆட்களிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கைநாட்டு வைக்க மறுத்துவிட்டதாகவும் என் தாயார் சொல்லியிருக்கிறார். 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குத் தந்தது வாழ்நாள் உரிமை மட்டுமே. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அவருடைய பங்கை விற்கவும் கொடுக்கவும் உரிய முழுச் சொத்தாக்கியது. அம்மாச்சிக்கு அந்தச் சட்டம் தெரிந்திருந்ததா, அல்லது கொழுந்தனாரின் அவசரமே அவரை உஷார்ப்படுத்தியதா என்பது வேறு கதை. மறுத்த அன்றிலிருந்து சொந்தபந்தங்கள் அவருக்கு ‘சொத்துப் பேய்’ என்று பெயர் வைத்து, நல்ல காரியங்களுக்குக்கூட அழைக்காமல் விட்டார்கள். அந்த நிலத்தின் விளைச்சலில் படித்தவர் என் தாயார். அதனால் படித்தவன் நான். அம்மாச்சி இறந்ததும் அதே சொந்தபந்தங்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘தியாகச் சுடர்’ என்று இருந்தது. உயிரோடிருந்த வரையில் கொடுக்க மாட்டேன் என்று நின்றவளை, செத்த பிறகு எல்லாவற்றையும் கொடுத்தவளாக்கிவிட்டார்கள்.

இப்போது உங்கள் அத்தைகளுக்கு வருகிறேன். உங்கள் தாத்தா இறந்தபோது 1956ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. அவர் உயில் எழுதியிருக்காவிட்டால், அவருடைய பங்கில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம உரிமை உண்டு. மகளுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929லேயே செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டித் தீர்மானம் போட்ட மண்ணில் இருந்துகொண்டு, பங்கு கேட்காததை நல்ல வளர்ப்பு என்று மலரில் அச்சடிக்கப் போகிறீர்கள். கேட்டால் அண்ணன் தம்பி வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சி வாய்மூடி இருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்துக்கு வளர்ப்பு என்று பெயரிடுவது ஆண்பிள்ளைகளுக்கு வசதி. உங்களைக் கடிந்துகொள்கிறேன் என்று வருந்தாதீர்கள். அப்பாயியின் கால்களை நீங்கள் பிடித்துவிட்டதை எழுதிய பத்தி எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தைகள் இருவரையும் தனியே போய்ப் பாருங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்களா, போட்டிருந்தால் எந்த ஆண்டு, அப்போது அப்பாயி என்ன சொன்னார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிச் சேருங்கள். உங்கள் அப்பாவும் சித்தப்பாமார்களும் அதை அச்சிட ஒப்புக்கொண்டால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.