மலிவு கிட்டார், நிற்காத சுருதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) அல்லது கிப்ஸனின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஆசை, கையில் அவ்வளவு பணம் இல்லை. மாற்றாக எதைப் பார்க்கலாம்?

பதில்: அசலைச் செய்யும் கம்பெனிகளே மாற்றையும் விற்கின்றன. ஃபெண்டரின் குறைந்த விலை வரிசை ஸ்குவையர். அந்தப் பெயரில் 1982 முதல் கிட்டார்கள் வருகின்றன. கிப்ஸனுக்கு எபிஃபோன். ஸ்கேல் நீளமும் (கம்பி அதிரும் நீளம்) அசலைப் போலத்தான்: ஸ்ட்ராட் வகையில் 648 மி.மீ., லெஸ் பால் வகையில் சுமார் 628. தலையில் எழுதியிருக்கும் பெயர் முக்கியமில்லை என்றால் யமஹா பசிஃபிகாவைத்தான் முதலில் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். 1990-இல் தொடங்கிய வரிசை அது. கோர்ட்டையும் ஒதுக்க வேண்டாம். வேறு பல பிராண்டுகளுக்குக் கிட்டார் செய்து கொடுத்த கொரியக் கம்பெனி அது.

பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தத் துண்டு), வால்யூம் பாட் (குமிழுக்கு அடியிலுள்ள பாகம்), ட்யூனர் (தலையில் கம்பியை இறுக்கும் திருகு), நட் (தலைக்குக் கீழே கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். நெக்கை (கம்பியை அழுத்தி வாசிக்கும் கழுத்துப் பகுதி) மாற்றப் போனால் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம் போலிருக்கும். அதனால் நெக்கைப் பார்த்து வாங்குங்கள். உடல் பாப்ளர் மரமா, பாஸ்வுட் மரமா என்ற சண்டையை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

முதல் கிட்டார் என்றால் அசையாத பிரிட்ஜ் (உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) உள்ளதே நல்லது. மலிவு விலையில் ஃபிளாய்ட் ரோஸ் பாணி லாக்கிங் ட்ரெமோலோ (கம்பிகளைப் பூட்டி வைத்து, பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கும் அமைப்பு) இருந்தால் தள்ளி நில்லுங்கள். அந்த பிரிட்ஜ் இரண்டு கத்தி முனைகளில் ஊசலாடுகிறது. உலோகம் மென்மையாக இருந்தால் முனை மழுங்கிவிடும். அப்புறம் அது பழைய இடத்துக்குத் திரும்பி வராது, சுருதியும் வராது.

கேள்வி: பழைய கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். லேசான வளைவு இருக்கலாம், ட்ரஸ் ராடால் (நெக்கினுள் ஓடும் உலோகத் தண்டு) சரிசெய்துவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். ட்ரஸ் ராடின் திருகுமரை சாவிக்குப் பிடி கொடுக்கிறதா, சுற்றிச் சுற்றி முனை தேய்ந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) அழுத்தி வாசியுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். முதல் கம்பியை 12-க்கும் 15-க்கும் இடையில் ஒரு முழு சுரம் வளைத்துப் பாருங்கள். ஒலி செத்துப்போனால் ஃப்ரெட் மட்டம் சரியில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பதிந்த பள்ளங்கள் ஆழமாக இருந்தால் ஃப்ரெட் வேலைக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். லெஸ் பால் வகையில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்னால்தான் உடையும். அந்த இடத்தில் பெயிண்டில் மெல்லிய கோடு தெரிகிறதா என்று விளக்கை அருகில் பிடித்துப் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகர ஒலிக்கு பயப்படாதீர்கள். கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு போதும்.

கேள்வி: எபிஃபோன் லெஸ் பால் வைத்திருக்கிறேன். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. மூன்றாவது கம்பிதான் ரொம்ப மோசம். ட்யூனர்களை மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நல்ல பற்சக்கரம் உள்ள ட்யூனர் தானாக நழுவுவது அபூர்வம். குற்றவாளி பெரும்பாலும் நட், அல்லது கம்பியைச் சுற்றிய விதம்.

ஒரு பக்கத்துக்கு மூன்று ட்யூனர் உள்ள தலையில், நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் அதிகமாகத் திரும்பி, தொலைவிலுள்ள ட்யூனர் கம்பத்துக்குப் போகின்றன. அந்தத் திருப்பத்தில் உரசல் அதிகம். கம்பியை வளைக்கும்போது தலைப்பக்கமிருந்து கொஞ்சம் கம்பி நட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. விட்டதும் அது திரும்பிப் போக வேண்டும். நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் உள்ளேயே தங்கி, சுருதி இறங்கிவிடும்.

இதைச் சோதிப்பது சுலபம். கம்பியை வளைத்து விடுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவில் அதே கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி எடுங்கள். சுருதி ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சிக்கல் நட்டில். ட்யூனரைத் திருப்பும்போது சுருதி காட்டும் கருவியின் முள் அசையாமல் இருந்து, திடீரென்று ‘டிங்’ என்று தாவினாலும் அதே நோய்தான்.

மருந்து: கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து வெளியே எடுங்கள். 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துக் கரி படியச் செய்யுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பள்ளம் குறுகல். 9 எண் செட்டிலிருந்து (முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்) 10-க்கு மாறியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நட் அரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பக்கங்களை மட்டும் மயிரிழை அகலப்படுத்தச் சொல்லுங்கள். அடியில் அரம் பட்டால் பள்ளம் ஆழமாகி, வெறும் கம்பி முதல் ஃப்ரெட்டில் தட்டிக் கிரீச்சிடும். அப்புறம் புது நட் போட வேண்டியதுதான். மாற்றுவதானால் எலும்பு நட்டும் சரி, உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த டஸ்க் எக்ஸ்எல் போன்றதும் சரி.

அழுத்திப் பார்த்தும் சுருதி ஏறவில்லை என்றால் சுற்றைப் பாருங்கள். கம்பத்தில் ஏழெட்டுச் சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது இறுகிக்கொண்டே இருக்கும், சுருதியும் இறங்கிக்கொண்டே இருக்கும். தடித்த கம்பிக்கு இரண்டு, மெல்லியதற்கு மூன்று சுற்று போதும். மேலிருந்து கீழாக, ஒன்றோடொன்று குறுக்கிடாமல். கம்பத்தைத் தாண்டி ஏறக்குறைய 5 செ.மீ. விட்டு வெட்டினால் கணக்குச் சரியாக வரும்.

புதுக் கம்பி போட்ட கையோடு 12-வது ஃப்ரெட் அருகே ஒவ்வொன்றையும் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் இறக்கம் நின்றுவிடும். சுருதி சேர்ப்பது எப்போதும் கீழிருந்து மேலே. தாண்டிப்போனால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பற்சக்கரத்தில் தொய்வு மிச்சமிருக்கும், முதல் அடியிலேயே அது வெளியே வரும்.

கம்பியைக் கவ்விப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனர் சுற்று நழுவுவதைத் தீர்க்கும், கம்பி மாற்றுவதையும் சுலபமாக்கும். நட்டில் சிக்கும் கம்பியை அது என்ன செய்ய முடியும்?

கேள்வி: சுருதி காட்டும் கருவியில் ஆறு கம்பியும் பச்சை. ஆனால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் அபஸ்வரம். காது கோளாறா, கிட்டார் கோளாறா?

பதில்: கிட்டார்தான். நட் பள்ளங்கள் ஆழம் போதாமல் உயரமாக இருக்கின்றன. மலிவு கிட்டார்களில் பரவலாகக் காணும் குறை இது. கிரீச் வரக்கூடாது என்று தொழிற்சாலையில் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். முதல் ஃப்ரெட்டை எட்ட கம்பி அதிகம் இழுபடுகிறது, சுரம் ஏறிவிடுகிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு போதும். அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும்.

மேல் ஃப்ரெட்டுகளிலும் பிசகு என்றால் இன்டொனேஷன் (நெக் முழுக்கச் சுரம் சரியாக வரும்படி கம்பி நீளத்தைச் சரிசெய்வது). வரிசை முக்கியம்: புதுக் கம்பி, நெக் வளைவு, கம்பி உயரம், கடைசியில்தான் இன்டொனேஷன். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்தினால் எட்டாவது ஃப்ரெட் அருகே 0.25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதிகமென்றால் ட்ரஸ் ராடை கடிகாரத் திசையில் கால் சுற்று இறுக்கி, சுருதி சேர்த்து, மறுபடி அளவுங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். ஸ்ட்ராட் வகையில் கம்பி உயரம் 17-வது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அதன்பின் 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அங்கேயே அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) நெக்கை விட்டுப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

கேள்வி: ஸ்குவையர் ஜாஸ்மாஸ்டரில் ஓங்கி அடித்தால் கம்பி சேடிலை விட்டு நழுவிவிடுகிறது. பிரிட்ஜும் ஆடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. 1958-இல் ஃபெண்டரின் அசல் ஜாஸ்மாஸ்டர் வந்த காலத்தில் தடித்த கம்பிகளே வழக்கம். பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் (கம்பியின் பின்முனையைப் பிடிக்கும் பாகம்) இடையில் கம்பி மிகக் குறைந்த கோணத்தில்தான் இறங்குகிறது. தடித்த கம்பி தன் இறுக்கத்தால் சேடிலை அழுத்திப் பிடிக்கும். 9 எண் கம்பிக்கு அந்த பலம் இல்லை.

11 எண் செட் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் நெக்கைக் கழற்றி, பொருந்தும் குழியின் உடல்பக்க ஓரத்தில் அரை மி.மீ. தடிமனுக்கு ஒரு ஷிம் (மெல்லிய அடைப்புத் துண்டு) வையுங்கள். நெக் பின்னோக்கிச் சாய்வதால் பிரிட்ஜை உயர்த்த வேண்டி வரும், கோணம் கூடும், கம்பி உட்கார்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், ஒரே ஆழமான பள்ளம் கொண்ட சேடில்களுள்ள மஸ்டாங் வகை பிரிட்ஜ்.

பிரிட்ஜ் ஆடுவது கோளாறில்லை. ட்ரெமோலோ கம்பிகளை இழுக்கும்போது பிரிட்ஜும் கூடவே சாய்ந்து திரும்புவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சேடிலின் சின்னத் திருகுகள் அதிர்வில் இறங்கிவிடும். கழற்றக்கூடிய வகை நீலத் திருகுப் பசை ஒரு துளி விடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ராட் வகை. ட்ரெமோலோவைத் தொடுவதே இல்லை. ஆனால் ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன.

பதில்: பிரிட்ஜ் மிதக்கிறது. கம்பிகளின் இழுப்பும் பின்பக்க ஸ்பிரிங்குகளின் இழுப்பும் தராசுபோல நிற்பதால், ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். தொடுவதே இல்லை என்றால் மிதக்க விடுவானேன்? பின் மூடியைத் திறந்து, மூன்று ஸ்பிரிங்கை ஐந்தாக்கி, அவற்றைப் பிடிக்கும் தகட்டின் இரண்டு பெரிய திருகுகளையும் பிரிட்ஜ் உடலோடு படியும்வரை சமமாக இறுக்குங்கள். திருப்புளி பிடிக்கும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் படிந்ததும் கம்பி தாழ்ந்துவிடும். உயரத்தையும் இன்டொனேஷனையும் மறுபடி பார்க்க வேண்டும்.