அந்தப் படத்தில் நடப்பது சித்திரவதை இல்லை

ஐயா, வணக்கம். ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தில் எதையோ அப்பி முரட்டுத்தனமாகச் சவரம் செய்கிற பழைய செதுக்கோவியம் ஒன்று முகநூலில் சுற்றுகிறது. 'மட்டக்களப்பில் ஒல்லாந்தர் செய்த கொடுமை' என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள வாசகருக்கு,

இல்லை. நீங்கள் அனுப்பிய படம் பீகிள் என்ற ஆங்கிலேயக் கப்பலில் ஓவியராகப் போன அகஸ்டஸ் ஏர்ல் வரைந்தது, கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயின் பயண நூலில் 1839இல் அச்சானது. ஒல்லாந்தர் அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே இலங்கையை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டார்கள்.

நடப்பது நிலநடுக்கோட்டைக் கடக்கும் சடங்கு. முதல்முறை அந்தக் கோட்டைத் தாண்டுகிறவரைக் கடலரசன் நெப்டியூனாக வேஷம் போட்ட மாலுமியின் முன்னால் கொண்டுபோவார்கள். 1832 பெப்ரவரியில் அதே கப்பலில் இருந்த இளைஞர் டார்வினும் தப்பவில்லை. கண்ணைக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு பலகையில் இருத்தி, முகத்திலும் வாயிலும் தாரும் பெயின்டும் பூசி, சொரசொரப்பான பீப்பாய் வளையத் துண்டால் சுரண்டி, அப்புறம் பலகையைச் சாய்த்துத் தண்ணீருக்குள் தள்ளினார்கள் என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் பாடு இன்னும் மோசமாம். முரட்டு விளையாட்டுத்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் பழைய மாலுமி சொல்வதைப் படித்தவரும் கேட்கவேண்டும், அதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். 1768இல் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் போன செல்வந்தர் பாங்ஸ் தனக்கும் வேலையாட்களுக்கும் மட்டுமில்லை, தன் நாய்களுக்கும் சேர்த்துப் பிராந்தி கொடுத்துத்தான் தண்ணீரில் முக்குவதிலிருந்து தப்பினார்.

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல் எதுவானாலும் அட்லாண்டிக்கில் ஒருதரம், இந்தியப் பெருங்கடலில் இன்னொருதரம் கோட்டைக் கடந்துதான் இங்கே வரமுடியும். 1602இல் நம் கரையில் இறங்கிய ஒல்லாந்தக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கனின் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்த மண்ணில் செய்தவற்றுக்குப் புளியந்தீவுக் கோட்டையே சாட்சியாக நிற்கிறது, பத்திரங்களும் இருக்கின்றன. பொய்த் தலைப்புப் போட்ட ஒரு படம் பிடிபட்டால் நாளைக்கு உண்மையான ஆவணத்தைக் காட்டும்போதும் நம்பமாட்டார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

படத்தை அழிக்கச் சொல்லவேண்டாம், நல்ல படம். ஏர்லின் பெயரையும் கப்பலின் பெயரையும் 1839 என்ற ஆண்டையும் அந்தப் பதிவின் கீழே எழுதி, தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்.