களஞ்சியத்துக்குச் செம்புக் கேபிள் வேண்டாம் தம்பி

தம்பி, கிளிநொச்சியில் மூன்று மாடிக் கடைக் கட்டடம், பின்வளவுக் களஞ்சியம் 140 மீற்றர் தூரம், அங்கே கணினி நெட்வேர்க் கொண்டுபோக கேட் 6 (வழமையான செம்பு நெட்வேர்க் கேபிள்) இழுத்து நடுவில் ஒரு நெட்வேர்க் சுவிட்ச் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். செம்பு ஒரே இழுவையில் 100 மீற்றரோடு சரி, நடுவில் சுவிட்ச் போட்டாலும் ஒவ்வொரு பக்கமும் 70 மீற்றர் வரும், 10 கிகாபிட் வேகம் என்றால் கேட் 6 கிட்டத்தட்ட 55 மீற்றர்தான். அதைவிடப் பெரிய பயம் எங்கட ஐப்பசி மின்னல். மாங்குளத்தில் நான் பார்த்த ஒரு இடத்தில் வெளியால் போன செம்புக் கேபிளால் ஒரே இரவில் இரண்டு பக்கச் சுவிட்சும் போய்விட்டன, கழற்றினால் போர்ட் கறுத்துப்போய்க் கருகல் மணம் அடித்தது.

பைபர், அதாவது ஒளியால் தகவல் அனுப்புகிற கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள், அதிலும் சிங்கிள் மோட் (ஒளி ஒரே வழியில் போகிற இழை) ஓஎஸ்2 வகை. ஓஎம்3 வகை மல்டிமோடில் (ஒளி பல வழிகளில் போகிற இழை) 10 கிகாபிட் 300 மீற்றர் போகும், இன்றைக்கு அது போதும்தான், ஆனால் நாளைக்கு 40 கிகாபிட்டுக்குப் போனால் சாதாரண எஸ்ஆர்4 மொடியூலுக்கு (சுவிட்சில் செருகுகிற, மின் சைகையை ஒளியாக்குகிற துண்டு) 100 மீற்றரோடு நின்றுவிடும். சிங்கிள் மோட் என்றால் கேபிள் அப்படியே கிடக்கும், முனைகளில் மொடியூலை மட்டும் மாற்றலாம்.

இப்போது தேவை 2 இழைதான், என்றாலும் 12 இழைக் கேபிளாகப் போடுங்கள், கிடங்கு வெட்டுகிற கூலி எப்படியும் ஒன்றுதான். எலிக்காக இரும்புக் கவசக் கேபிள் வாங்கினால் அதுவும் மின்னலைக் கடத்தும், கட்டாயம் எர்த் பண்ண வேண்டும். உலோகமே இல்லாத, கண்ணாடி நூல் கவசக் கேபிள் கிடைத்தால் அதுதான் நல்லது. பிறகு வேறு கேபிள் இழுக்க உதவும், குழாய்க்குள் ஒரு நைலோன் கயிறும் விட்டுவையுங்கள்.

அப்புறம், பச்சைக் கனெக்டரை (முனை சரிவாகத் தீட்டியது) நீலத்தோடு (முனை சரிவில்லாதது) செருக வேண்டாம். இழைகளை ஒட்டுகிறவரிடம் ஒவ்வொரு இழைக்கும் ஓடிடிஆர் அளவீடு (ஒளியை அனுப்பி இழையில் எங்கே இழப்பு என்று காட்டுகிற சோதனை) வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.