ஒரே படமும் ஒரே சொல்லும் இடத்துக்கு இடம் ஏன் வேறு பொருள் தருகின்றன?

விளம்பரம், ஓவியம், பேச்சு மூன்றிலும் சூழலை வைத்துப் பொருள் மாறுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல் பக்கம் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவன். என் மானிட்டரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பெரியவரின் படம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, லேசான சிரிப்பு. அந்தப் படத்தை மூன்று தடவை அடித்திருக்கிறேன். முதலில் பேத்தியின் காதணி விழாவுக்கு. அதில் அந்தக் கும்பிடு ‘வாங்க வாங்க’ என்றது. அடுத்து 2019 உள்ளாட்சித் தேர்தலுக்கு. அதில் ‘பார்த்துப் போடுங்க’ என்றது. மூன்றாவது, கண்ணீர் அஞ்சலி. புதுப்படம் தேட யாருக்கும் நேரமில்லை, அதையே எடுத்து வைத்தேன். ஆர்டர் கொடுக்க வந்திருந்த அவருடைய தம்பி மானிட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்புற மாதிரியே இருக்குப்பா. இது எப்ப எடுத்த படம்?” என்று கேட்டார். காதணி விழாவுக்கு எடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. பின்னணியை மாற்றினேன், மேலே இரண்டு வார்த்தை வைத்தேன், அவ்வளவுதான்.

இதை ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார். ஒரு நடிகரின் சும்மா இருக்கும் முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பசி, துக்கம், ஆசை என்று மூன்றையும் அந்த ஒரே முகத்தில் பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று சொல்வார்கள். சினிமா படிக்கிறவர்களுக்கு இதுதான் பாலபாடம். ஃபிளெக்ஸ் கடையில் யாரும் பாடம் எடுப்பதில்லை, அடி வாங்கித்தான் கற்க வேண்டும்.

நான் வாங்கிய அடி இது. ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர். தாய்மாமன் வெளியூரில் இருந்தார், கிடைத்தது ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம்தான். நானும் மரியாதையாக இருக்கட்டும் என்று முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்து, மங்களகரமாக இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. குத்துவிளக்கு இல்லாத கல்யாணப் பத்திரிகை உண்டா? ஆனால் காலையில் பேனர் கட்டிய அரை மணி நேரத்தில் அந்த மாமனுக்கே போன் போக ஆரம்பித்துவிட்டது. “யாருப்பா பேசுறது?” என்று கேட்டவர்களிடம் அவர் ‘நான்தான்’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் எனக்குப் போன் போட்டார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மத்தியானத்துக்குள் அதே முகத்துக்குக் கலர் ஏற்றி, சட்டத்தைத் தூக்கி, தோளுக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளை வைத்து இலவசமாக அடித்துக் கொடுத்தேன். அப்புறம் மனுஷன் உயிரோடு வந்துவிட்டார்.

(2017 அக்டோபரில் உயிரோடு இருப்பவர்களின் படம் பேனரில் இருக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கலாம். அந்த நாட்களில் பேனரில் முகம் தெரிந்தாலே ‘ஐயோ, எப்போ?’ என்று கேட்டார்கள்.)

இதெல்லாம் போட்டோஷாப் வந்த பிறகு வந்த ஞானம் இல்லை. தொல்காப்பியம் பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசும்போது, அது எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பது ‘வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெரியும் என்கிறது. அதாவது, கூட வரும் வினை, பக்கத்தில் நிற்கும் இனம், சுற்றியிருக்கும் சூழல். உரைகாரர்கள் தரும் உதாரணம் ‘மா’. மா பூத்தது என்றால் மரம். மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம், கூட நிற்கும் மருதம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கவசம் போட்டு நிற்கிறவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை. சொல்லில் ஒரு மாற்றமும் இல்லை, சொன்னவன் உடம்பில் கவசம் இருக்கிறது. எனக்கு இந்த மூன்றாவதுதான் பிடிக்கும். என் குத்துவிளக்கு மாட்டிக்கொண்டதும் சார்பில்தான்.

விளம்பரத்தில் சார்பு என்பது பக்கத்தில் இருக்கும் மற்ற விளம்பரங்களும்தான். 1959-இல் அமெரிக்காவில் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் வோக்ஸ்வேகன் காருக்குப் போட்ட விளம்பரத்தில் பக்கம் பூராவும் வெறும் வெள்ளை, மூலையில் பொடியாக ஒரு கார், கீழே ‘சிறிதாக யோசி’ என்ற பொருளில் இரண்டு சொல். மற்ற கம்பெனிகள் கப்பல் மாதிரி கார்களைப் பக்கம் நிறைய நிறுத்திய காலம் என்பதால்தான் அந்த வெறுமை பேசியது. அதே டிசைனை நான் இங்கே போட்டால், “சதுர அடிக்குக் காசு வாங்குறீல்ல, ஏன் இவ்வளவு எடத்தைச் சும்மா விட்டிருக்க? பங்காளிங்க போட்டோவ வை” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் காலியிடம் கம்பீரமாகத் தெரியாது, ஆள் இல்லாத வீடாகத் தெரியும்.

கலைக்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர். 1917-இல் நியூயார்க்கில், பணம் கட்டிய எல்லோர் படைப்பையும் வைப்போம் என்று அறிவித்த கண்காட்சிக்கு, ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கானைப் படுக்கப் போட்டு ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினார். வைக்க மறுத்துவிட்டார்கள். மூலப் பீங்கான் தொலைந்தே போனது. 1964-இல் செய்த நகல்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எங்கள் எதிர்க்கடை ஹார்டுவேர்ஸ் வாசலிலும் அந்தச் சாமான் அடுக்கியிருக்கிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை, விலைதான் கேட்கிறார்கள்.

பேச்சுக்கு வருகிறேன். எங்கள் பில் புத்தகத்தின் அடியில் ‘நன்றி! மீண்டும் வருக’ என்று அச்சடித்திருக்கும். மளிகைக் கடை முதல் ஓட்டல் வரை எல்லோரும் போடுவதுதான். கண்ணீர் அஞ்சலிக்குப் பில் போட்ட ஒரு நாள், ஒரு பையன் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ என்றுகூடச் சொல்லாத ஊர் இது. அன்றிலிருந்து அந்த ஆர்டர்களுக்கு மட்டும் பில்லை எழுதிவிட்டு, ஸ்கேல் வைத்துக் கீழ் ஓரத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.