உடல் சூட்டில் ஓடும் வாட்ச் சிங்கப்பூருக்குச் சரிவருமா?

கேள்வி: தோ பாயோவில் தனியாக வசிக்கும் அப்பாவுக்கு 74 வயது. நாடித்துடிப்பைக் கவனிக்க ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தேன்; சார்ஜ் போட மறந்துவிடுகிறார். உடல் சூட்டிலோ வெயிலிலோ தானே சார்ஜ் ஆகும் வாட்ச் வாங்கலாமா?

பதில்: உடல் சூட்டை நம்பி வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 300 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் தாக்குப்பிடித்தால், அந்த வாட்ச் சராசரியாக 7 மில்லிவாட் செலவழிக்கிறது. மணிக்கட்டில் வைக்கும் வெப்பமின் தகடோ (சூட்டை மின்சாரமாக்கும் தகடு) 22 டிகிரி அறையில்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 மைக்ரோவாட்தான் தரும். தகடு 4 சதுர சென்டிமீட்டர் என்றால் 0.1 மில்லிவாட். தேவையில் எழுபதில் ஒரு பங்கு!

நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம். மின்சாரத்தைத் தருவது உடல் சூடு அல்ல, தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. தோல் 34 டிகிரி, அறை 22 டிகிரி என்றால் வேறுபாடு 12. ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பிற்பகல் 31 டிகிரி இருந்தால் 3தான். வேறுபாடு கால் பங்கானால் மின்திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

சோலார் வாட்ச் ஓரளவு உதவும், அப்பா வெளியே நடமாடுபவராக இருந்தால். கார்மின் இன்ஸ்டிங்ட் 2 சோலார் போன்றவற்றுக்குச் சொல்லப்படும் பேட்டரி நாள்கள், தினமும் 3 மணிநேரம் 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் படும் என்ற கணக்கில் வருபவை. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசினால் அந்த வெளிச்சம் கிடைக்காது. முழுக்கைச் சட்டை போட்டாலும் அப்படித்தான்.

வியர்வையில் மின்சாரம் எடுக்கும் பேட்டரியை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் காட்டினார்கள். சைக்கிள் மிதித்தவரின் கையில் 3.9 மில்லிவாட் வந்தது. நம் பருவநிலைக்கு ஏற்ற யோசனை. ஆனால் ஓய்வாக இருக்கும் முதியவருக்கு அவ்வளவு வியர்க்காது.

அப்பாவுக்கு நான் சொல்வது, ஒரு முறை சார்ஜில் 10 நாளுக்கு மேல் ஓடும், நாடி பார்க்கும் எளிய கைப்பட்டை. எப்போதும் எரியும் திரையையும் இரவு முழுக்க ஆக்சிஜன் அளப்பதையும் அணைத்துவிடுங்கள். பேட்டரியை அதிகம் தின்பவை இவைதான். சார்ஜரைக் குளியலறைக்கு வெளியே மேசையில் நிரந்தரமாக வையுங்கள். ஞாயிறு காலை குளிக்கப் போகும்போது கழற்றி மாட்டட்டும். திரும்ப அணியுமுன் பின்பக்கச் சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள். சோப்பும் எண்ணெயும் படிந்தால் நாடிக் கணக்கு தப்பும்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தப் பட்டை போதாது. நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பேட்ச் தேவையா என்று அவரிடம் கேளுங்கள்.